பதினான்கும் இருபதும்: இரங்கூன் சட்டங்களில் பெண்ணின் மண வயது

1

பர்மாவில் குழந்தை மணம் கிடையாது, அங்கே பெண் தன் விருப்பப்படி வாழ்ந்தவள், சிறுமியரைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது இந்தியாவுக்குத்தான் என்ற கருத்து நூறாண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. இதற்குப் பரந்த வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தவர் ஹரால்டு ஃபீல்டிங் ஹால். மேல்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின் அங்கே அரசு அதிகாரியாக இருந்தவர். 1898இல் வெளிவந்த ‘தி ஸோல் ஆஃப் எ பீப்பிள்’ என்ற அவருடைய நூலில் பெண்களைப் பற்றிய பகுதிதான் பிற்காலத்தார் அதிகம் எடுத்தாண்ட பகுதி. பர்மியப் பெண்ணுக்கு முக்காடு இல்லை. அவள் கடைவீதியில் வணிகம் செய்கிறாள். மணத்துக்குப் பின்னும் பெயர் மாறுவதில்லை. சொத்து அவளுடையதாகவே இருக்கிறது. கணவனைத் தானே தேர்கிறாள். சமயமும் சட்டமும் அவள் வாழ்வில் தலையிடாமல் விட்டதே இத்தனைக்கும் காரணம் என்பது ஹாலின் விளக்கம்.

அவர் கண்ணால் கண்டவற்றைப் பொய் என்று சொல்ல இக்கட்டுரை முனையவில்லை. அவர் எழுதுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1882இல், ஷ்வே யோ என்ற புனைபெயரில் ஜே. ஜி. ஸ்காட் எழுதிய ‘தி பர்மன்’ நூலும் ஏறத்தாழ இதே சித்திரத்தைத்தான் தருகிறது. சிறுமியரின் காதுகுத்துச் சடங்குக்கு அந்நூல் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. சிறுவனுக்குத் துறவேற்பு, சிறுமிக்குக் காதுகுத்து என்று இரண்டும் ஒரே பந்தலில் நடப்பதும் உண்டு. நம் ஊர் மஞ்சள் நீராட்டு ‘எங்கள் வீட்டில் பெண் இருக்கிறாள்’ என்று உறவுக்கு அறிவிக்கும் சடங்கு. பர்மியக் காதுகுத்தில் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. பருவமடைதலையும் மணப்பேச்சையும் ஒரே கயிற்றில் கட்டாத சமூகத்தில் மணம் தள்ளிப்போவது இயல்பு. இதுவரை ஹாலோடு எனக்குச் சச்சரவு இல்லை.

சச்சரவு அவர் வந்து சேரும் முடிவில் தொடங்குகிறது. மணம் தாமதமாக நடப்பது ஒரு வழக்கம். சிறுமிக்குக் காவல் இருப்பது ஓர் உரிமை. ஹால் முன்னதைக் கண்டு பின்னதும் இருப்பதாக எடுத்துக்கொண்டார். வழக்கம் தளரும் வீட்டில், பஞ்சம் வந்த ஆண்டில், கடன்காரன் வாசலில் நிற்கும் நாளில் அந்தப் பெண் யாரிடம் போய் என்ன கேட்கலாம் என்ற வினாவை அவர் எழுப்பவே இல்லை. சட்டம் தலையிடவில்லை என்பதை அவர் பெண்ணுக்குக் கிடைத்த வரமாகக் கண்டார். அவளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் அதையே வாசிக்கலாம்.

இரண்டாவது, அவர் எழுதியது மேல்பர்மாவின் சிற்றூர்களை வைத்து. இரங்கூன் அந்தச் சித்திரத்துக்குள் அடங்காது. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி இரங்கூனில் வாழ்ந்தவர்கள் 4,00,415 பேர். அவர்களில் 2,12,929 பேர் இந்தியர். நகரின் பாதிக்கு மேற்பட்டோரை விட்டுவிட்டுப் பர்மியப் பெண்ணைப் பற்றி மட்டும் எழுதலாம், அதில் தவறில்லை. ஆனால் அதையே ‘பர்மாவில் பெண்’ என்று பொதுமைப்படுத்தும்போது, துறைமுகத் தெருக்களிலும் அரிசி ஆலைக் குடியிருப்புகளிலும் வளர்ந்த தமிழ்ச் சிறுமியும் தெலுங்குச் சிறுமியும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அவர்கள் ‘இந்தியப் பிரச்சினை’ ஆகிறார்கள்.

மூன்றாவது, ஹாலின் இரண்டாம் நூலை அவரைக் கொண்டாடுவோர் பெரும்பாலும் தொடுவதில்லை. 1906இல் வந்த ‘எ பீப்பிள் அட் ஸ்கூல்’ நூலில் அதே மனிதர் வேறு தொனியில் பேசுகிறார். ஆணும் பெண்ணும் போதிய அளவு வேறுபடாதிருப்பது ஓர் இனம் இன்னும் முதிரவில்லை என்பதன் அடையாளமாம். பர்மியர் முன்னேற வேண்டுமானால் பெண் தன் சுதந்திரத்தைப் பொதுநலன் கருதி விட்டுக்கொடுத்தாக வேண்டுமாம். எட்டே ஆண்டுகளில் வரம் தடையாகிவிட்டது. இந்த மாற்றத்தை அவருடைய மனமாற்றம் என்று ஒதுக்கலாம். என் வாசிப்பு வேறு. 1898இல் அவர் போற்றியதும் 1906இல் அவர் பலியிடத் துணிந்ததும் ஒன்றே: காப்பற்ற சுதந்திரம். எழுதிக் கொடுக்கப்படாத உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிது.

பிற்காலத்தில் மி மி கைங் 1984இல் உள்ளிருந்து எழுதிய நூலில் பர்மியப் பெண்ணின் சமநிலையை மிகுந்த நுணுக்கத்தோடு பதிவு செய்தார். சீ இக்கேயா 2011இல் இந்த ‘மரபான உயர்நிலை’ என்ற பேச்சே குடியேற்ற ஆட்சிக் காலத்தில் எப்படி உருவாகிப் பயன்பட்டது என்று ஆராய்ந்தார். அவர் திறந்த வழியில்தான் நானும் போகிறேன். ஆனால் என் கேள்வி அவருடையதைவிடச் சிறியது. இரங்கூனில் பெண்ணின் மணத்தைத் தொட்ட சட்டங்களில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 20, 14. இவை எங்கிருந்து வந்தன? யாரைக் காத்தன?

2

முதலில் 20. பர்மிய பௌத்தப் பெண் இருபது வயது நிறையுமுன் மணம் செய்துகொள்ளப் பெற்றோரின் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை; கைம்பெண்ணுக்கும் மணமுறிவு பெற்றவளுக்கும் தேவையில்லை. இரங்கூன் உயர்நீதிமன்றம் 1922இல் தொடங்கியது. அது மா ஏ செய்ன் எதிர் மாங் லா மின் என்ற வழக்கில் 1925இல் இந்த விதியை உறுதி செய்தது. ஆணுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. பருவமெய்திய இளைஞன் தானே மணம் முடித்துக்கொள்ளலாம் என்பதே நீதிமன்றங்கள் கொண்ட நிலை.

விதியின் வேர் தம்மதாட் எனப்படும் பர்மிய நீதிநூல்களில் இருக்கிறது. மணம் கூடும் வழிகள் மூன்று என்று மனுகியே தம்மதாட் சொல்கிறது: பெற்றோர் கொடுப்பது, இடையாள் மூலம் கூடுவது, இருவரும் தாமே இசைந்து ஒன்றாக உண்டு வாழ்வது. இம்மூன்றாம் வழிதான் ஹாலைக் கவர்ந்தது. ஆனால் பெற்றோர் பாதுகாப்பில் இருக்கும் மகளை அவர்கள் அறியாமல் கொண்டுபோனால் மீட்டுக்கொள்ளும் உரிமையைப் பற்றியும் தம்மதாட் மரபு விரிவாகப் பேசுகிறது. 1925 தீர்ப்பு எடுத்து நிறுத்தியது இந்த இரண்டாம் இழையை.

இங்கே காலம் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். மனுகியே அலாங்பாயா ஆட்சியில், அதாவது 1752க்கும் 1760க்கும் இடையில் தொகுக்கப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. டி. ரிச்சர்ட்ஸன் அதை 1847இல் மௌல்மீனில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்கு முந்தைய காலம் இருள். வாகரு மன்னன் பெயரால் வழங்கும் தம்மதாட்டை ஃபோர்க்ஹாமர் 13ஆம் நூற்றாண்டு இறுதிக்குக் கொண்டுபோனார், டி. கிறிஸ்டியன் லாம்மெர்ட்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வோ அத்தனை பழமையை ஏற்பதில்லை, 17ஆம் நூற்றாண்டுக்கு முன் உறுதியாகச் சொல்லத்தக்க தம்மதாட் நூல்கள் மிகக் குறைவு என்று காட்டுகிறது. ஆகவே ‘இருபது வயது பர்மாவின் தொன்மையான மரபு’ என்று எழுதுவோர் எந்தத் தொன்மையைச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். 36 தம்மதாட்களைச் சாரப்படுத்திய கின்வுன் மிஞ்சி ஊ காங்கின் தொகுப்பே ஆங்கிலேய நீதிமன்றத்தின் தேவைக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. பல குரல்களில் இருந்த மரபு, நீதிமன்ற மேசையில் ஒற்றை எண்ணாக இறுகியது என்பதே என் கருத்து.

எண் எப்போது இறுகியது என்பதைவிட அது யாருக்காக என்பது முக்கியம். 20 பெண்ணுக்கான வரம்பு அன்று. பதினைந்து வயதில் அவள் மணக்கலாம், பெற்றோர் சம்மதித்தால். பத்தொன்பது வயதில் மணக்க முடியாது, அவர்கள் மறுத்தால். மணமகளின் இசைவும் வேண்டும் என்பதைப் பர்மிய வழக்குச் சட்டம் வலியுறுத்துகிறது. இந்த அளவில் ஹால் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் பெற்றோர் வீட்டுக்குள் பதினைந்து வயதுச் சிறுமியின் இசைவு எப்படிப் பெறப்படுகிறது என்பதைக் கேட்க அந்தச் சட்டத்தில் வாயில் இல்லை. 20 என்ற எண் காத்தது பெற்றோரின் உரிமையை.

3

இந்த இடத்தில் இரங்கூனை விட்டு வேலூருக்குப் பக்கத்தில் உள்ள விரிஞ்சிபுரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம் 1898ஆம் ஆண்டு பர்மா சட்டங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு. மணம், வாரிசுரிமை போன்றவற்றில் பௌத்தருக்குப் பௌத்தச் சட்டம், முகம்மதியருக்கு முகம்மதியச் சட்டம், இந்துக்களுக்கு இந்துச் சட்டம் என்று அது வகுத்தது. இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் ஆலையில் நெல் குத்தியவரும் நீதிமன்றப் படி ஏறினால் ‘இந்துச் சட்டம்’ என்ற ஒரே பெயரின் கீழ் நின்றார்கள். அந்தச் சட்டத்தின் இலட்சிய மணம் கன்னிகாதானம்.

கன்னிகாதானம் எல்லாருடைய வழக்கமாகவும் ஒரு காலத்தில் இல்லை என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ள அந்தக் கல்வெட்டை ஹுல்ட்ஷ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் 1890இல் பதிப்பித்தார். வீரப்பிரதாப தேவராய மகாராயர் ஆட்சியில், படைவீட்டு இராச்சியத்தில் வேதம் ஓதிய பெரியோர் கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் என்று இராச்சியத்துப் பிராமணர் எல்லோரும் இன்று முதல் மணம் செய்தால் கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்தவரும், பொன் கொடுத்துப் பெண்ணை மணந்தவரும் அரச தண்டனைக்கு உள்ளாவர். பிராமணச் சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர். கீழே பெரியோரின் கையொப்பங்கள்.

இதன் காலம் நூல்களில் பெரும்பாலும் 1425 என்றே அச்சாகிறது. கல்வெட்டு தருவது சகம் 1347 கழிந்த விசுவாவசு ஆண்டு, பங்குனி மாதம் 3ஆம் நாள், சஷ்டி, புதன்கிழமை, அனுஷம். விசுவாவசு 1425 சித்திரையில் பிறந்தது என்றாலும் பங்குனி அதன் கடைசி மாதம். ஆகவே நாள் 1426க்குள் வந்துவிடுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியில் 1426 பிப்ரவரி 27 புதன்கிழமை. தேய்பிறைச் சஷ்டியும் அனுஷமும் அந்த நாளோடு ஒத்துப்போகின்றன. இது பெரிய திருத்தம் அன்று. ஆனால் ஆண்டையே சரிபார்க்காமல் எடுத்தாளப்படும் ஆவணத்தின் பொருளும் சரிபார்க்கப்படாமல் போவது வியப்பில்லை.

பொருளில் நேர்ந்த பிழை இதைவிடப் பெரியது. இக்கல்வெட்டை ‘வரதட்சணை ஒழிப்புச் சாசனம்’ என்று குறிப்பிடும் பழக்கம் உண்டு. பொன் வாங்கியவர் இங்கே பெண் வீட்டார். தடை செய்யப்படுவது பரிசம். பரிசம் கெட்டது, தானம் நல்லது என்ற முடிவு பெண்ணுக்கு நன்மை செய்ததா என்பது தனிக் கேள்வி. என் ஐயம் இது: பரிசம் நிலவும் வீட்டில் வளர்ந்த மகளுக்கு, உழைக்கும் மகளுக்கு, மதிப்பு உண்டு, அவளை அவசரமாக அனுப்பத் தேவையில்லை. தானம் என்று வந்துவிட்டால் தானப் பொருள் ‘கன்னி’யாக இருந்தாக வேண்டும், பருவமெய்துமுன் கொடுத்தால்தான் புண்ணியம் என்ற தரும சாத்திரக் கட்டளை உடன் வந்து ஒட்டிக்கொள்கிறது. 1426 ஒப்பந்தம் வயது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதிலிருந்து நேராகக் குழந்தை மணத்துக்குக் கோடு இழுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொன்னைத் தடுக்க அரச தண்டனை வரை போன பெரியோருக்குப் பெண்ணின் வயதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை என்பதும் ஒரு சான்றுதான். பெண்ணைப் பற்றிய சட்டம். பேசுவோர் கொடுப்பவரும் கொள்பவரும்.

இரங்கூன் நீதிமன்றங்கள் கையாண்ட இந்துச் சட்டம் இந்த விரிஞ்சிபுரத்துப் பக்கத்தைச் சேர்ந்தது. எந்த மணமும் மேலான ‘பிராம்ம’ முறையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் முதலில் கருதிக்கொள்ளும். பரிசம் வாங்கிய மணம் ‘ஆசுரம்’. அதை நிறுவினால் பிள்ளையில்லாமல் இறந்த பெண்ணின் உடைமை கணவனுக்குப் போகாமல் அவள் பெற்றோருக்குத் திரும்பும். தம் சாதியின் வழக்கம் வேறு என்று சொல்வோருக்கு 13ஆம் பிரிவு இடம் கொடுத்தது. ஆனால் வழக்கத்தை நிறுவும் சுமை சொல்பவர் தலையில். பரிசம் கொடுத்து, வயதுவந்த பெண்ணை மணக்கும் வழக்கமுடைய பல தமிழ்ச் சாதியாரும் ஏட்டில் கன்னிகாதான இந்துக்கள் ஆனது இப்படித்தான். அந்தச் சட்டத்தில் மண வயதுக்குக் கீழ் எல்லை இல்லை; சிறுமியின் இசைவு தேவையில்லை; சடங்கு முடிந்துவிட்டால் மணம் செல்லும்.

ஹால் மரபினர் வரையும் சித்திரத்தின் மறுபாதி இங்கே உடைகிறது. ‘பர்மியப் பெண் சுதந்திரமானவள், இந்தியப் பெண் குழந்தை மனைவி’ என்பதில் முதல் பாதி வழக்கத்தைச் சட்டமாக்குகிறது. இரண்டாம் பாதி சட்டத்தை வழக்கமாக்குகிறது.

4

இனி 14. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் பெண்ணின் இசைவு வயதை 10 என்று வைத்தது. 1891இல் அது 12 ஆயிற்று. 1925இல் மணத்துக்கு வெளியே 14, மணத்துக்குள் 13. அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் என்பதால் இவை இரங்கூனிலும் செல்லுபடியாயின. பின் ஹர்விலாஸ் சாரதாவின் பெயரால் அறியப்படும் 1929ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும், எல்லாச் சமயத்தாருக்கும். 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

சென்னை மாகாணத்தில் அதன் பின்னணி நம் வாசகர் அறிந்ததே. முத்துலட்சுமி ரெட்டி 1928இல் சட்டமன்றத்தில் பெண்ணுக்கு 16 கேட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடும் 16 என்றது. வந்தது 14. அதுவும் பல் பிடுங்கிய 14. மணத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் இல்லை. தண்டனை அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் அபராதம். காவல்துறை தானாக வழக்கெடுக்க முடியாது. ஓராண்டுக்குள் யாராவது புகார் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் நூறு ரூபாய் வரை பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருந்தது. சட்டம் நிறைவேறியதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையிலான ஆறு மாதத்தில் வட இந்தியாவில் மணங்கள் முண்டியடித்தன. 1921க்கும் 1931க்கும் இடையில் 15 வயதுக்குட்பட்ட மனைவியரின் எண்ணிக்கை சுமார் 85 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியதாகக் கணக்கு காட்டியது.

இச்சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்தியாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் ஒரு பாடபேதத்தைச் சுட்ட விரும்புகிறேன். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அன்று நடைமுறையில் இருந்த இந்தியச் சட்டங்கள் பர்மாவில் தொடர்ந்தன. அதன்பின் டில்லியில் நிறைவேறிய திருத்தங்கள் பர்மாவைத் தொடவில்லை. சாரதா சட்டத்துக்கு உயிர் கொடுத்த திருத்தங்கள் எல்லாம் அந்த நாளுக்குப் பிந்தியவை. 1938இன் ஒரு திருத்தம், நடக்கப்போகும் மணத்தை நீதிமன்றம் தடையாணை போட்டு நிறுத்த வழி செய்தது. அதே ஆண்டின் மற்றொரு திருத்தம், பிரிட்டிஷ் எல்லைக்கு வெளியே சமஸ்தானங்களுக்குப் போய் மணம் முடிக்கும் தந்திரத்தை அடைத்தது. 1949இல் இந்தியாவில் வயது 15, 1978இல் 18, 2006இல் புதுச் சட்டமே வந்தது. இரங்கூனில் இருந்த சாரதா சட்டம் 1929இன் மூலபாடத்திலேயே உறைந்து நின்றது. ஒரே பெயர், இரண்டு பாடங்கள். ஒன்று வளர்ந்தது, மற்றது பிறந்தபோது இருந்த பல்லில்லாத வாயோடே இருந்தது.

சமஸ்தான ஓட்டை தமிழருக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. இரங்கூன் தமிழ்க் குடும்பத்து மணங்களில் பல இரங்கூனில் நடக்கவே இல்லை. மூன்றாண்டுத் தவணையில் பர்மா கடைக்கு வந்த செட்டியார் முகவரின் குடும்பம் ஊரில். அவருடைய ஊர்களில் சில இராமநாதபுரம் ஜமீனில், சில புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில். கூலியாக வந்தவரும் பெரும்பாலும் தனி ஆண்கள். கப்பலேறி ஊர் போய்த் தாலி கட்டித் திரும்பினார்கள். மணமேடை ஒரு சட்ட எல்லையில், இல்லறம் இன்னொன்றில். இரங்கூன் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டிய ஓராண்டு, கடலைக் கடப்பதிலேயே கரைந்திருக்கும்.

5

உறைந்த சட்டம் தடயமின்றிப் போகவில்லை என்பது என் வாதத்தின் மிக மெல்லிய பகுதி. அதனால் சற்று அழுத்திச் சொல்கிறேன். பௌத்தப் பெண் வேற்றுச் சமயத்தானை மணப்பதை ஒழுங்குபடுத்த 1939இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரம் வெடித்திருந்தது. கலப்பு மணம் அதன் முழக்கங்களில் ஒன்று. விடுதலைக்குப் பின் 1954இல் அச்சட்டம் புது வடிவம் பெற்றது. அதன் நிபந்தனைகள்: ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14, பெண் இருபதுக்குட்பட்டவளானால் பெற்றோர் சம்மதம்.

18, 14, 20. மூன்றாவது எண் 1925 தீர்ப்பின் வழி வந்த தம்மதாட் மரபு என்பதில் ஐயமில்லை. முதல் இரண்டும் சாரதா சட்டத்தின் இணை. பர்மிய மரபில் ஆணுக்கு 18 என்ற வரம்பு இல்லை என்பதை மேலே கண்டோம். பௌத்தப் பெண்ணை இந்தியனிடமிருந்து காக்க எழுதிய சட்டம், இந்தியச் சிறுமிக்காக எழுதிய சட்டத்தின் எண்களை எடுத்துக்கொண்டது என்று நான் வாசிக்கிறேன்.

இதற்கு மாற்று விளக்கம் உண்டு, அது வலிமையானதும்கூட. 14 தண்டனைச் சட்டத்தின் 1925 திருத்தத்திலிருந்து வந்திருக்கலாம்; 18 என்பது 1875ஆம் ஆண்டு வயதுவருகைச் சட்டத்தின் எண். இரண்டும் தனித்தனியே வந்து தற்செயலாகச் சந்தித்திருக்கலாம். மண நிபந்தனையாக இணைந்தே வருவதால் நான் சாரதா சட்டத்தின் பக்கம் சாய்கிறேன். முடிந்த முடிபாகச் சொல்லவில்லை. எந்த விளக்கத்தை எடுத்தாலும் ஒன்று நிற்கிறது: 1954இல், விடுதலை பெற்ற நாட்டில், ‘பெண்ணைக் காக்கும்’ சட்டம் பதினான்கு வயதுச் சிறுமியை மணமகளாக ஏற்றது. குழந்தை மணம் இங்கே இருந்ததே இல்லை என்று நம்பும் நாடு, அதைத் தடுக்கும் எண்ணைக் கூர்ந்து பார்க்கத் தேவை காணவில்லை. ஹாலின் வாய்பாடு செய்த உண்மையான தீங்கு இதுதான் என்று கருதுகிறேன்.

6

பிந்திய வரலாறு சுருக்கமானது. மியான்மர் 1991இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 1993இன் குழந்தைகள் சட்டமோ 16 நிறையாதவரை மட்டுமே குழந்தை என்றது. 2015இல் தேசியவாதத் துறவியர் இயக்கத்தின் அழுத்தத்தில் வந்த நான்கு சட்டங்களில் ஒன்று, பௌத்தப் பெண்ணின் கலப்பு மண வயதை 18 ஆக உயர்த்தியது. இருபதுக்குட்பட்டவளுக்குப் பெற்றோர் சம்மதம் என்ற விதி அப்படியே இருந்தது. 14 போனது, 20 போகவில்லை. 2019 ஜூலையில் நிறைவேறிய குழந்தை உரிமைச் சட்டம்தான் முதன்முறையாக எல்லாச் சமயத்தாருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், 18 என்ற ஒரே எல்லையை வைத்தது. சாரதா சட்டம் எல்லாருக்கும் பொதுவாக வந்து 89 ஆண்டுகளுக்குப் பின். சமயவாரிச் சட்டங்களின் இடுக்கில் சிறுமியர் சிக்குவது மியான்மருக்கு மட்டும் உரியதன்று; இலங்கையில் 1995இல் பொதுச் சட்டம் 18 ஆனபோது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டம் அதற்கு வெளியேதான் நின்றது.

மியான்மரின் 2015–16 மக்கள்தொகை நலவாழ்வு ஆய்வின்படி 20 முதல் 24 வயதுப் பெண்களில் 16 விழுக்காட்டினர் 18க்கு முன்பும், 2 விழுக்காட்டினர் 15க்கு முன்பும் மணமானவர்கள். அதே காலத்து இந்தியத் தேசிய ஆய்வில் இந்தியாவின் சராசரி ஏறத்தாழ 27. தமிழ்நாட்டின் எண் ஏறத்தாழ 16. ‘சுதந்திரப் பெண்களின் நாடும்’ தமிழ்நாடும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஒரே எண்ணுக்குப் பின்னால் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஹால் வரைந்த எல்லைக்கோடு இந்தக் கணக்கில் தென்படவில்லை. 2021 பிப்ரவரி இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் மியான்மரில் பள்ளிகளும் நீதிமன்றங்களும் பட்ட பாட்டில், 2019 சட்டம் எந்தச் சிறுமியின் கைக்கு எட்டுகிறது என்பது வரலாற்று ஆசிரியனின் கேள்வியாக இன்னும் ஆகவில்லை.

வரலாற்று ஆசிரியனின் கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. 1930 ஏப்ரலுக்கும் 1937 ஏப்ரலுக்கும் இடையே இரங்கூன் மாஜிஸ்திரேட் ஒருவர் முன் சாரதா சட்டத்தின்கீழ் ஒரு புகார் வந்திருந்தால், அதில் புகார்தாரரின் பெயர், பிணைத் தொகை, மணம் நடந்த ஊர் எல்லாம் இருக்கும். மணமகளின் வயதும் இருக்கும். இந்தக் கட்டுரையில் நாம் பார்த்த ஆவணங்கள் எதிலும், விரிஞ்சிபுரத்துக் கல்லிலிருந்து 1925 தீர்ப்பு வரை, அந்த வயது வழக்கின் மையமாக இருந்ததில்லை. கொடுத்தவரின் உரிமையும் கொண்டவரின் உரிமையுமே பேசப்பட்டன. அப்படி ஒரே ஒரு தாள் கிடைத்தாலும் 14 என்ற எண் இரங்கூனில் ஒரு சிறுமிக்காக ஒரு நாளாவது எழுந்து நின்றது என்று சொல்லலாம். 1954இன் 14 எங்கிருந்து வந்தது என்ற வழக்கிலும் என் பக்கம் சற்றுக் கனம் கூடும். கிடைக்காத வரை, அந்த எண்ணின் மூலம் பற்றி மேலே சொன்னது ஊகமாகவே இருக்கட்டும்.